கண்டக்டர் தட்டாமல் தூக்கக் கூடாது

துறைமுகத்தில் அவளுக்கு மேல்வீட்டுக்காரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளம் போடுகிறவர்கள் மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தார்கள். கிரேனின் உச்சியில், கண்ணாடித் தரை போட்ட சின்ன அறைக்குள் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கக் கீழே பார்ப்பது அவள் வேலை. கீழே நிற்கிற ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் அவளை அண்ணாந்து பார்த்துத்தான் பேசியாக வேண்டும். வந்த புதிதில் அது சிலருக்குக் கழுத்தை வலித்தது. பிறகு பழகிவிட்டது.

அவளுக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதும் இல்லை. அவள் கொக்கியில் மாட்டிய சரக்கு ஒரு பக்கம் சாயாது, ஆடாது, மட்டம் பார்த்து வைத்த மாதிரி தொங்கும். அதன்மேல் ஒரு டம்ளர் டீயை வைத்தால்கூடத் தளும்பாது என்று கொடி அண்ணன் சொல்வார். கொடி அண்ணன் என்பவர் கீழே நின்று அவளுக்குச் சைகை காட்டுகிறவர். ஒரு காலத்தில் கொடி பிடித்தார். இப்போது வெறும் கையும் வாக்கிடாக்கியும்தான், ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இப்பேர்ப்பட்டவளால் வீட்டில் ஒரே ஒரு மனிதரைக் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற்ற முடியவில்லை.

அந்த மனிதர் அவளுடைய மாமனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் வீட்டுக்கு வருகிறவர்களை “உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க” என்றுதான் வரவேற்றார். அவளுக்குக் கிரேன் வேலைக்கு உத்தரவு வந்தபோது குடும்பத்தில் ஆளுக்கொரு பக்கம் மூக்கைச் சுளித்தார்கள். ஒரு பொம்பளை அவ்வளவு உயரத்திலா என்றார்கள். கண்டக்டர் மட்டும், “ஏறுறேன்னு சொல்ற ஆளை ஏத்திக்கறதுதான் என் வேலை. படியில நிக்கவச்சுக் கேள்வி கேக்கற பழக்கம் எனக்கு இல்லை” என்று ஒரே போடாகப் போட்டார். அன்றிலிருந்து அவர்மேல் அவளுக்கு உயிர். பெற்ற அப்பாவிடம் காட்டாத பாசத்தை அவரிடம் காட்டினாள், அவரிடம் சண்டையும் அதே அளவுக்குப் போட்டாள்.

பக்கவாதம் வந்து அவருடைய இடது கையையும் இடது காலையும் சுருட்டிப் போட்டது. பேச்சு கொஞ்சம் குழறியது, அவசரத்தில் வார்த்தை வராது. மூளை மட்டும் பழைய மாதிரியே கறாராக இருந்தது. மாமியார் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மேல்வீட்டுக்காரியின் மகள் வெளியூரில் படிக்கிறாள். கணவன் பேக்கரியில் ரொட்டி போடுகிறவன், விடியும் முன்பே கிளம்பிவிடுவான். ஆகவே காலையில் மாமனாரை எழுப்பி, துடைத்து, நாற்காலியில் உட்கார வைப்பது அவள் பொறுப்பு. அதற்குப் பிறகு பகலுக்கு ஒரு பணிப்பெண் வருவாள். நல்லவள், ஆனால் காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு. கண்டக்டரோ நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த மனிதர்.

வீட்டுக்குச் சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. குளிக்க உட்காரும் நாற்காலி வந்தது. கட்டிலுக்குக் கைப்பிடி வந்தது. தலைமாட்டில் அழுத்தினால் சமையலறையில் அடிக்கிற மணி வந்தது. மணியை அவர் ஒரு நாளும் அழுத்தவில்லை. “கண்டக்டர் தனக்காகவா வண்டிய நிறுத்துவான்?” என்று கேட்டார். ஆனால் தூக்குகிற வேலைக்கு மட்டும் எதுவும் வரவில்லை. அவள் அவரைக் கட்டிப்பிடித்து, மூச்சை அடக்கி, தன் முதுகால் தூக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அந்த முதுகு பிடித்துக்கொண்டது. அன்று அவளாலும் நிமிர முடியவில்லை, அவராலும் எழ முடியவில்லை. இரண்டு பேரும் கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்து பணிப்பெண் வரும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துறைமுக டாக்டர் பூசி மெழுகாமல் சொன்னார். “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஏணி ஏறத் தகுதி இல்லைன்னு எழுதிடுவேன். அப்புறம் கீழ உக்காந்து கணக்கு பாக்கற வேலைதான்.”

கிரேன் இல்லாத தன்னை அவளுக்குத் தெரியாது.

செய்தி நாத்தனாருக்குப் போயிற்று. கணவனுடைய அக்கா. கண்டிப்பானவள், ஆனால் கெட்டவள் இல்லை. அவளும் அப்பா பிள்ளைதான். போனில் தம்பியிடம் சொன்னாள், “நான் யாரையும் குத்தம் சொல்ல வரலைடா. அப்பாவை ஒருத்தி முதுகுல எத்தனை நாளைக்கு ஓட்டுவீங்க? எங்க ஊர்ல ஒரு முதியோர் இல்லம் இருக்கு, நானே போய்ப் பாத்தேன், சுத்தமா இருக்கு. ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுக்குள்ள ஒரு வழி பண்ணியிருந்தா சரி. இல்லைன்னா கையோட கூட்டிட்டுப் போறேன்.”

வழி அந்த வாரமே ஒரு வேனில் வந்து இறங்கியது. நோயாளியைத் தூக்கும் இயந்திரம். வாடகைக்கு. நாலு சக்கரம், விரிகிற இரண்டு கால்கள், ஒரு தூண், தூணில் இருந்து நீளும் ஒரு கை, அதன் நுனியில் கொக்கிகள். கூடவே ஒரு தொட்டில் துணி. துணியின் பட்டைகள் ஒவ்வொன்றிலும் குட்டை, நீளம் என்று வெவ்வேறு அளவில் சில வளையங்கள் தைத்திருந்தார்கள். ஒயர் வைத்த ரிமோட்டில் இரண்டே பொத்தான்கள், ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று. அவள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். வாயெல்லாம் பல்.

“அட, இது நம்ம சின்ன கிரேன்!”

சொல்லிக் கொடுக்க வந்த பிசியோ பாவம், வளையங்களைக் காட்டி ஏதோ ஆரம்பித்தார். “எனக்கா சார் சொல்லித் தர்றீங்க?” என்று அவரை அப்படியே வழியனுப்பி வைத்தாள். கர்வம் என்று முதலிலேயே சொன்னேனே, அது இதுதான்.

மறுநாள் காலை தொட்டில் துணியை மாமனாருக்கு அடியில் விரித்தாள். வளையங்களை மாட்டினாள். தோளுக்கும் தொடைக்கும் சரி சமமாக, அவள் தொழிலுக்கே உரிய மட்டத்தோடு. பொத்தானை அழுத்தினாள். கண்டக்டர் கட்டிலைவிட்டு மேலே எழுந்தார். அழகாக எழுந்தார். தலையும் காலும் ஒரே மட்டம், துளி சாய்வு இல்லை. அவருடைய வயிற்றின்மேல் டீ டம்ளரை வைத்தால் தளும்பியிருக்காது.

கண்டக்டர் அலறினார். வார்த்தை வரவில்லை, வெறும் சத்தம்தான் வந்தது. வலது கையால் தூணை எட்டிப் பிடித்தார். பிடித்த வேகத்தில் துணி சுழன்றது, அவர் பம்பரமாகச் சுற்றினார். “பிடிக்காதீங்க மாமா, விடுங்க, நான் பாத்துக்கறேன்!” என்று அவள் கத்தினாள். எப்படியோ கட்டிலில் இறக்கினாள். அவர் முகம் வெளுத்திருந்தது. மூச்சு வாங்கி முடித்து, ஒவ்வொரு சொல்லாகக் கோத்துச் சொன்னார்.

“இனிமே… என்னை… அதுல ஏத்தாதே.”

“முதல் தடவை அப்படித்தான் இருக்கும் மாமா.”

“வேணாம்னா வேணாம். நான் என் பொண்ணுகூடப் போயிடுறேன்.”

அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாப்பாட்டுக்குக்கூட வாயைத் திறக்கவில்லை. அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மாலையில் பேக்கரியில் இருந்து வந்த கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். “ஒரு அங்குலம் சாயாமத் தூக்கினேங்க. துறைமுகத்துல கேட்டுப் பாருங்க, இப்படித் தூக்க ஆள் கிடையாது. உங்கப்பாவுக்கு வீம்பு.”

“அப்பாவுக்கு வீம்புதான்,” என்றான் அவன். “ஆனா பயந்து நான் பாத்ததில்லையே.”

அது அவளைச் சுருக்கென்று தைத்தது. பாத்திரங்களை உருட்டினாள்.

அடுத்த நாள் துறைமுகத்தில் ஒரு பெரிய பம்பைக் கப்பலில் இருந்து இறக்க வேண்டியிருந்தது. பம்பைக் கட்டியாயிற்று, கொக்கியும் மாட்டியாயிற்று. அந்த நேரம் பார்த்துக் கொடி அண்ணன் கண்ணில் தூசி விழுந்து முதலுதவி அறைக்குப் போய்விட்டார். ஷிப்ட் அதிகாரிக்கு அவசரம். வாக்கிடாக்கியில் கெஞ்சினார்.

“மேல இருந்து எல்லாம் தெரியுதில்லம்மா? நீங்களே பாத்துத் தூக்கிடுங்களேன்.”

“தெரியுது சார். ஆனா சிக்னல் இல்லாம லீவர்ல கை வைக்க மாட்டேன்.”

“உங்க கைக்கு எதுக்கும்மா சிக்னல்? கண்ணை மூடிட்டே தூக்குவீங்களே.”

“நான் எவ்வளவு கெட்டிக்காரியா இருந்தாலும் சரி சார். சரக்குக்குப் பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியறது எனக்கு…”

அவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

கண்ணாடித் தரைக்குக் கீழே பம்பு அசையாமல் உட்கார்ந்திருந்தது. இரும்புச் சாமான். அதற்கு வாய் இல்லை, பயமில்லை. அதைக்கூட ஒருவர் சைகை காட்டாமல் தொட மாட்டேன் என்கிறாள். வீட்டில் பேசத் தெரிந்த, கண் இருக்கிற, தன்னைக் கிரேனில் ஏற்றிவிட்ட மனிதரை, “தூக்கட்டுமா?” என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஆகாயத்தில் தொங்கவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த அறையில் அவளைப் பார்க்க ஆள் இல்லாததால் முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சௌகரியமாக இருந்தது. கொடி அண்ணன் சிவந்த கண்ணோடு திரும்பி வந்து கையைத் தூக்கிய பிறகுதான் பம்பு நகர்ந்தது.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் நேராக அந்த இயந்திரத்திடம் போனாள். மாமனாருக்கு எதிரே கிடந்த பெஞ்சில் தொட்டில் துணியை விரித்து அதன்மேல் தானே படுத்தாள்.

“ஏங்க, இங்க வாங்க. என்னைத் தூக்குங்க.”

கணவன் திருதிருவென்று விழித்தான். “நான் மாவைத் தூக்கிப் பழகினவன். எனக்கு இதெல்லாம்…”

“நேத்து அவருக்கு மாட்டின மாதிரியே மாட்டுங்க. அந்த மேல் பொத்தானை அழுத்துங்க.”

அவன் அழுத்தினான். பெஞ்சு முதுகைவிட்டு நழுவியது. சட்டென்று அவளுக்குத் தன் கால்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாமல் போயிற்று. தலை பின்னால் தொங்கியது. கண்ணுக்கு நேரே மின்விசிறியும், அதைச் சுற்றி அவள் எப்போதோ அடித்திருக்க வேண்டிய ஒட்டடையும். கணவனைக் காணவில்லை. சக்கரம் லேசாக நகர்ந்தது, வீடே நழுவுகிற மாதிரி இருந்தது. எந்த உயரத்துக்கும் அசையாத மேல்வீட்டுக்காரி, தரையில் இருந்து இடுப்பளவு உயரத்தில் தொங்கிக்கொண்டு, வாய்விட்டு அலறினாள்.

“ஓல்டான்!”

கட்டிலில் இருந்து வந்தது குரல். குழறாத, பழைய, பஸ் முழுக்கக் கேட்கிற குரல். கூடவே கட்டில் சட்டத்தில் கையால் ஒரு தட்டு. கணவனின் விரல் தானாகவே பொத்தானைவிட்டு எழுந்தது. சின்ன வயதில் இருந்து, பஸ்ஸை நிறுத்துகிற அந்தச் சொல்லுக்கு நின்று பழகியவன்.

கண்டக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். நோய் வந்த பிறகு அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கண்ணில் நீர் வழிந்தது.

“எப்படிம்மா இருக்கு… பயணம்?”

“மாமா, இறக்கச் சொல்லுங்க!”

“டிக்கெட் எடுத்தியா?”

“மாமா!”

இறக்கிய பிறகு அவள் தொட்டில் துணியிலேயே உட்கார்ந்து, கலைந்த தலையோடு அவரைப் பார்த்தாள். “தப்பு என்னுது மாமா. உங்களைச் சரக்கா நெனச்சுட்டேன்.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். நிதானமாக, வார்த்தைகளுக்குக் காத்திருந்து பேசினார். “எங்க போறேன்னு தெரியலை. யாரு ஓட்டறான்னு தெரியலை. இந்தக் கை…” என்று வலது கையால் இடது கையைத் தூக்கிக் காட்டினார். “இது பட்டைக்கு அடியில மாட்டிக்கிச்சு. சொல்றதுக்குள்ள… மேல போயிட்டேன். கண்டக்டர் இல்லாத பஸ்ஸும்மா அது.”

மாட்டிய கையை அவள் பார்க்கவே இல்லை. மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நீங்களே கண்டக்டரா இருங்க,” என்றாள். “ரெண்டு தட்டு தட்டினா ஏத்துவேன். ஒரு தட்டு தட்டினா எங்க இருந்தாலும் நிறுத்திடுவேன். நீங்க தட்டாம நான் பொத்தானைத் தொட்டா, நாளைக்கே என் லைசென்ஸைப் பிடுங்கிக்கலாம்.”

அவர் யோசித்தார். “விசில் கிடையாதா?”

“அக்கம்பக்கத்துல சண்டைக்கு வருவாங்க மாமா.”

மறுபடி மாட்டுவதற்கு முன்பு பிசியோவுக்குப் போன் போட்டு, அன்று கேட்காத பாடத்தை இன்று பவ்யமாகக் கேட்டாள். தோள் பக்கம் குட்டையான வளையம், தொடைப் பக்கம் நீளமான வளையம். அப்படி மாட்டினால் மட்டமாகத் தொங்காது, தலை மேலே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். துறைமுகத்தில் எந்தச் சரக்கையும் அப்படிச் சாய்த்துத் தூக்கினால் அவள் மானம் போய்விடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சாய்த்து மாட்டினாள். இந்த முறை அவருக்கு எதிரே, அவர் முகத்தைப் பார்த்து நின்றுகொண்டாள்.

கண்டக்டர் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பயணியை ஓரமாக உட்கார வைக்கிற மாதிரி இருந்தது. தூணில் இரண்டு முறை தட்டினார். “ரைட்.”

ஒரு சாண் எழுந்தார். ஒரு தட்டு. அவள் நிறுத்தினாள். அவர் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், கீழே பார்த்தார். நிறுத்தத்தில் எல்லோரும் ஏறியாயிற்றா என்று பார்க்கிற அதே பார்வை. மறுபடி இரண்டு தட்டு. அப்படியே தட்டித் தட்டிக் கட்டிலைத் தாண்டி, திரும்பி, ஜன்னலோர நாற்காலிக்கு வந்து இறங்கினார். வழியில் தேவையே இல்லாமல் இரண்டு தடவை நிறுத்தினார். அது அதிகாரம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக. அவளும் சளைக்காமல் நின்றாள்.

“டிரைவர் பரவாயில்லை,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். வந்ததும் இயந்திரத்தைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

“இது நல்லாத்தான் இருக்கும். நீ கிரேன் ஓட்டறவ, உனக்குக் கைவந்த கலை. நீ வேலைக்குப் போயிட்டா யாரு ஓட்டுவா? பகல்ல வர்ற அந்தப் பொண்ணா? எப்பவும் உன்னையே கட்டிப் போட்டு வைக்க முடியுமா?”

நியாயமான கேள்வி. மேல்வீட்டுக்காரி அதற்குப் பதில் வைத்திருந்தாள். ஆனால் அது வாயில் இல்லை. மாமனாருக்குத் துணியை விரித்து வளையங்களை மாட்டிவிட்டு, ரிமோட்டை நாத்தனார் கையில் கொடுத்தாள்.

“நீங்க ஓட்டுங்க அண்ணி.”

“நானா? எனக்கு என்ன தெரியும்?”

“உங்களுக்கு ஒண்ணும் தெரிய வேணாம். அவர் சொல்றதைக் கேட்டாப் போதும்.”

சொல்லிவிட்டு அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். அதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. அடுத்தவர் கையில் கிரேன் இருக்கும்போது சும்மா நிற்பதைப்போல ஒரு கஷ்டம் அவளுக்கு வேறில்லை.

நாத்தனார் பொத்தானைத் தேடினாள். தேடிக் கண்டுபிடித்து அழுத்தப்போனவளை ஒரு தட்டு நிறுத்தியது. கண்டக்டர் மகளை ஏற இறங்கப் பார்த்தார். “நான் இன்னும் ரைட் சொல்லலை.” இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு இரண்டு முறை தட்டினார். அவள் ஏற்றினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்தினார். அவளை மூச்சு விடச் சொன்னார். மறுபடி தட்டினார். பாதி வழியில் சக்கரம் பாய் நுனியில் இடித்தது. நாத்தனார் பதறி அப்பாவின் தோளைப் பிடித்து இழுக்கப்போனாள். ஒரு தட்டு. பலமான தட்டு. “ஓல்டான். கையை எடு. பாயை நகத்து. அப்புறம் வா.” அவள் குழந்தை மாதிரிக் குனிந்து பாயை நகர்த்தினாள்.

இடையிலேயே, தரைக்கு மேலே உட்கார்ந்த நிலையில், கண்டக்டர் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். நாத்தனார் அவர் முகத்தைப் பார்த்தாள். பொத்தானில் இருந்து விரலை எடுத்தாள்.

“அப்பா,” என்றாள், “நான் உங்களைக் கேக்கவே இல்லை. என்கூட வர்றீங்களா? இங்கயே இருக்கீங்களா?”

அந்த வீட்டில் அத்தனை நாளும் அத்தனை பேரும் பேசியதில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். மேல்வீட்டுக்காரியும்தான் கேட்டதில்லை.

கண்டக்டர் அவசரப்படவில்லை. வலது கையை நீட்டி ஜன்னலோர நாற்காலியைக் காட்டினார்.

“அந்த ஸ்டாப்புல… எறக்கி விடு.”

தூணில் இரண்டு தட்டு. நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தள்ளினாள், இறக்கினாள். அவர் நாற்காலியில் பதிந்து உட்கார்ந்ததும், ரிமோட்டை யாரிடமும் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். “சாயங்காலம் கட்டிலுக்கு நான்தான் ஏத்துவேன்,” என்றாள் தம்பியிடம். “நீ போய்த் தூங்கு.”

அன்று மேல்வீட்டுக்காரிக்கு மதிய ஷிப்ட். போகாமல் இருந்துவிடலாமா என்று காலையில் இருந்தே நினைத்துக்கொண்டிருந்தாள். வாசல் வரை வந்து செருப்புக்குப் பக்கத்தில் நின்றாள். தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதா, அண்ணிக்கு அந்த வளையம் நினைவிருக்குமா, துணியை எடுக்கும்போது கை மாட்டாதா. திரும்பிப் பார்த்தாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கண்டக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும் நேரத்துக்கு நகராத டிரைவரை எப்படிப் பார்ப்பாரோ அப்படி. வலது கையைத் தூக்கி ஜன்னல் சட்டத்தில் இரண்டு முறை தட்டினார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.